மலைநாட்டுத் திறந்தவெளித் திரையும் டிஜிட்டல் மாற்றமும்

அரங்கு பற்றிய ஆராய்ச்சி தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, ஆடரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என அளவு வகுத்து, தூண்களின் நிழல் புறத்தே போகுமாறு விளக்கு நிறுத்தும் முறையையும் எடுத்துரைக்கின்றது. நிழல் எங்கே விழும் என்னும் கவலை காண்போர் பொருட்டு எழுந்த கவலையாகும். ஆடுவோரின் திறமையைப் போலவே காண்போர் இருக்கும் இடமும் கலையின் ஒரு கூறு என்பதனை இளங்கோவடிகள் நன்குணர்ந்திருந்தார் என்க.

இக்காலத் திரைப்படத் திறனாய்வு இவ்வுண்மையைப் பெரும்பாலும் மறந்தே நடைபெறுகின்றது. கதை, நடிப்பு, இசை, ஒளிப்பதிவு ஆகியன பக்கம் பக்கமாக ஆராயப்படுகின்றன. படம் எங்கே, எவரோடு, எந்நிலையில் காணப்பட்டது என்ற வினா எழுவது அரிது. படச்சுருள் நீங்கி டிஜிட்டல் முறை வந்தமை குறித்து எழுதப்படும் இரங்கலுரைகளும் இக்குறைக்கு விலக்கல்ல. சுருளில் தோன்றும் நிறத்தின் மென்மைக்கும் பொறியின் ஓசைக்கும் அவை இரங்குகின்றன. அவ்விரக்கம் பொய்யன்று, ஆயினும் அது நகரத்து இரசிகரின் இரக்கமாகும். நுவரெலியா, அட்டன் முதலிய நகரங்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களினின்று நோக்குவார்க்கு அம்மாற்றம் வேறொரு வடிவிற் புலப்படும். கூடிக் காண்பதற்குரிய இடம் யாது, அதனைக் காப்பவர் யாவர் என்பனவே அங்கு எழும் வினாக்கள்.

ஊர்தியரங்கு

இவ்வினாவுக்கு விடை காண அமெரிக்க நாட்டின் டிரைவ்-இன் அரங்கு, அஃதாவது ஊர்தியில் அமர்ந்தவாறே படங்காணும் திறந்தவெளி அரங்கு, சிறந்ததோர் ஒப்பீடாக உதவும். 1933ஆம் ஆண்டு ஜூன் 6ஆந் திகதி ரிச்சார்ட் ஹொலிங்ஸ்ஹெட் என்பவர் நியூ ஜேர்சி மாநிலத்துக் கம்டன் நகரையடுத்து முதலாவது ஊர்தியரங்கைத் திறந்தார். அதற்குச் சில வாரங்களின் முன்னரே அவர் அதற்கான காப்புரிமையையும் பெற்றிருந்தார். வண்டிகளை வரிசை வரிசையாகச் சாய்ந்த மேடுகளில் நிறுத்தி, முன்வண்டி பின்வண்டியின் காட்சியை மறையாதவாறு அமைத்தமையே அவருடைய புதுமை. தூணின் நிழலைப் பற்றிச் சிலம்பு கொண்ட கவலை, வண்டியின் கூரையைப் பற்றிய கவலையாக ஈண்டு மாறியதென்னலாம்.

1958ஆம் ஆண்டளவில் அந்நாட்டில் இத்தகைய அரங்குகள் நாலாயிரத்துக்கு மேற்பட்டிருந்தன. பின்னர்த் தொலைக்காட்சியின் பரவலாலும் நிலவிலையின் ஏற்றத்தாலும் அவை தேய்ந்து, 2013ஆம் ஆண்டில் ஏறக்குறைய 350 மட்டுமே எஞ்சின. எஞ்சியவற்றுட் பல குடும்பத் தொழில்கள். கோடைகாலத்து இரவுகளில் மட்டும் இயங்கி, நுழைவுச்சீட்டினும் சிற்றுண்டி விற்பனையாலேயே பெரிதும் பிழைத்தவை அவை. டிஜிட்டல் மாற்றம் அவற்றின் வாயிலை அடைந்தது அந்நிலையிலேயே. ஹொலிவூட்டின் பெருநிறுவனங்கள் 2005ஆம் ஆண்டில் டிஜிட்டல் திரையிடலுக்குரிய பொதுத்தரத்தை வகுத்தன. 2013ஆம் ஆண்டின் இறுதியில் பரமவுண்ட் நிறுவனம் சுருட்பிரதி இன்றியே ஒரு முழுநீளப் படத்தை வெளியிட்டது. புதிய பொறியின் விலை ஏறக்குறைய 70,000 டொலர். ஊர்தியரங்கின் திரை பெரிது. பொறிக்கும் திரைக்கும் இடையேயுள்ள தூரமும் பெரிது. ஆதலின், ஒளி மிக்க, விலை மிக்க பொறியே அதற்கு வேண்டியதாயிற்று. அவ்வாண்டிற் கார் உற்பத்தி நிறுவனமான ஹொண்டா, பொதுமக்களின் வாக்கெடுப்பு வழியாகச் சில அரங்குகளைத் தேர்ந்து அவற்றுக்குப் பொறி வழங்கியமை, அக்குடும்பங்களின் நெருக்கடி எத்துணைப் பெரிதென்பதைக் காட்டும்.

இந்தியாவிலும் இம்முறை இடம்பெற்றது. அகமதாபாத் நகரில் 1973ஆம் ஆண்டில் ஓர் ஊர்தியரங்கு திறக்கப்பட்டது. சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையிற் பிரார்த்தனா அரங்கு பல்லாண்டு இயங்கியது. எங்கும் இதன் இயல்பு ஒன்றே: குடும்பம் தன் அறையைத் தன்னுடன் கொண்டுவருகின்றது. வண்டியின் கண்ணாடிக்குள் அது தனித்திருக்கின்றது. வானின் கீழே பிறரோடு சேர்ந்துமிருக்கின்றது. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது மூடிய அரங்குகள் அடைபட்டிருக்க, அந்நாட்டிலே ஊர்தியரங்குகளை நோக்கி மக்கள் மீண்டும் சென்றமைக்கு இவ்விரட்டைத் தன்மையே காரணமாகும்.

பிரட்டுக்களத்துத் திரை

காரில் அமர்ந்து காணும் அரங்கு தோட்டத்து மக்களின் வாழ்விற் பொருந்துவதன்று. கார் அவர்களுடையதன்று, பாதையும் தோட்டத்தினுடையதே. அவர்களுக்கிருந்த அறை, பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான லயன் காம்பரா. அதனைச் சுமந்துகொண்டு படம்பார்க்கச் செல்லுதல் இயலாது. அதனைவிட்டு வெளியேறுவதற்கே ஒரு காரணம் வேண்டியிருந்தது. அக்காரணங்களுள் ஒன்று திரை.

பிரட்டுக்களத்திலோ, கோவில் முன்றிலிலோ, இரண்டு கம்பங்களுக்கிடையே வெள்ளைச் சீலை கட்டிப் படம் காட்டும் வழக்கம் இவ்வாறே தோட்டங்களில் வேரூன்றியது. அது வெற்றிடத்தில் முளைத்ததன்று. மாசி மாதத்திற் காமன் கூத்து இரவு முழுவதும் ஆடப்பட்டது. அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கர் கதையும் விடியும்வரை நிகழ்ந்தன. பனிக்குக் கம்பளி போர்த்து, தரையில் அமர்ந்து, குழந்தையை மடியில் உறங்கவிட்டுக் கதை காணும் பயிற்சி அம்மக்களுக்கு முன்னரே இருந்தது. படம் வந்தபோது தப்பின் இடத்தை ஒலிபெருக்கி பெற்றது, பார்வையாளர் மாறவில்லை. தமிழகத்து டூரிங் டாக்கீசிலே தரைச் சீட்டு வாங்கி மணலில் அமர்ந்தவர்க்கும் இவர்க்கும் உறவுண்டெனினும், அங்கே கூடாரமும் கொட்டகையும் இருந்தன. இங்கே மலையே சுவராக அமைந்தது.

இத்தகைய காட்சிக்கு உகந்தது 16 மில்லிமீற்றர்ச் சுருள். எளிதிற் கொண்டு செல்லத்தக்க சிறு பொறியில் அது ஓடியது. 1,600 அடிச் சுருள் ஒன்று ஏறக்குறைய 44 நிமிடம் நிற்கும். ஆகவே இரண்டரை மணிநேரப் படத்துக்கு நான்கு சுருள் போதும். பொறி ஒன்றேயாயிற் சுருள் மாற்றுந்தோறும் திரை இருளும். அவ்விடைவெளியிலே பேச்சும் தேநீரும் நடைபெறும். கதையைப் பின்தொடர இயலாத முதியோர்க்கு இளையோர் விளக்கம் கூறுவர். நகரத்துப் படமாளிகையில் இரு பொறிகள் மாறி மாறி ஓடி இவ்விருளை ஒழித்தன. தோட்டத்திலோ அவ்விருளும் காட்சியின் ஒரு பகுதியாயிற்று.

நுவரெலியா கடல்மட்டத்தினின்று 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. மூடுபனி திரைக்கும் பொறிக்கும் இடையே புகுமாயின், ஒளிக்கற்றை அதிலேயே சிதறிவிடும். சீலையிலே மங்கிய உருவங்களே எஞ்சும். ஆதலால் ஆண்டின் தொடக்கத்து வறண்ட மாதங்களே இக்காட்சிக்குரியன. அமெரிக்கக் குடும்பங்கள் கோடையை நம்பியிருந்தமை போலவே, மலைநாட்டிற் பொறி வைத்துப் படங்காட்டியோரும் பருவத்தை நம்பியே தொழில் செய்தனர்.

இக்கூட்டத்தை மிகைப்படப் புகழ்தலும் திறனாய்வாகாது. எப்படம் எப்போது காட்டப்படுமென்பதை நிருவாகமோ, சங்கமோ, முதலாளியோ முடிவு செய்ய, மக்கள் கேட்டுக்கொண்டனர். முன்வரிசை நாற்காலிகள் துரைக்கும் உத்தியோகத்தர்க்கும் உரியன. விடியற்காலையிற் பிரட்டுக்குச் செல்ல வேண்டிய பெண், சமையலையும் குழந்தையையும் முடித்தே வர வேண்டியிருந்தது. பலர் பாதிப் படத்தில் எழுந்தனர். சாதிவேறுபாடு தரையிலும் தன் கோட்டை வரைந்திருந்தது. அவ்வாறிருந்தும், பல லயன்களின் மக்கள் வேலையின்பொருட்டன்றி மகிழ்ச்சியின்பொருட்டு ஒன்றாகத் திரண்ட இடங்கள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று அத்திரையின் முன்னிலை.

பொறியும் திறவுகோலும்

சுருளுக்கும் டிஜிட்டலுக்கும் உள்ள வேறுபாடு படத்தின் தோற்றத்தில் மட்டும் உள்ளதன்று, உரிமையிலும் உள்ளது. 35 மில்லிமீற்றர்ச் சுருள் நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும். இரண்டரை மணிநேரப் படம் 13,500 அடி நீளமுடையது. அத்தகைய பிரதியொன்றை ஆக்க ஆயிரம் டொலருக்கு மேற் செலவாகும். அச்செலவு படத்தை வெளியிடுவோரைச் சார்ந்தது. டிஜிட்டலில் அப்பிரதி வன்தட்டிலோ, செய்மதி வழியாகவோ சிறு செலவில் வருகின்றது. வெளியிடுவோரின் செலவு குறைந்தது. அரங்குடையாரின் செலவு பொறி வடிவிற் பெருகியது. ஒரு சாராரின் சேமிப்புக்காக மற்றொரு சாரார் முதலிட நேர்ந்தமையே இம்மாற்றத்தின் பொருளியல் உட்கிடை. நூறு திரைகளையுடைய நிறுவனம் அதனைத் தாங்கும்; ஒரு திரையையுடைய குடும்பம் தாங்காது.

உரிமையின் இரண்டாம் வேறுபாடு இதனினும் நுட்பமானது. சுருட்பெட்டி கைக்கு வந்தபின் அது கையிலுள்ள பொருள். அறுந்தால் ஒட்டலாம், மக்கள் ‘ஒன்ஸ்மோர்’ என்று ஆர்ப்பரித்தாற் பாட்டைத் திரும்ப ஓட்டலாம், கூட்டம் மிகுந்தால் இன்னொரு காட்சியும் நடத்தலாம். டிஜிட்டற் படமோ மறைகுறியாகப் பூட்டப்பட்டு வருவது. எப்பொறியில், எந்நாள் முதல் எந்நாள் வரை ஓடலாம் என்பதைத் தனியே அனுப்பப்படும் திறவுகோல் வரையறுக்கின்றது. ஒவ்வொரு காட்சியும் கணக்கிற் பதிகின்றது. கணக்கிற்படாத காட்சிகளால் முன்னர் நட்டமடைந்த தயாரிப்பாளர்க்கு இது நீதியே. ஆயினும், பொறி வைத்திருந்த குடும்பம் தன் ஊரின் சுவையறிந்து எடுத்த சிறுசிறு முடிவுகளும் அத்துடன் நீங்கின. தொழிலாளியின் கைத்திறன் குறைந்து, தொலைவிலுள்ளோரின் ஆணை மிகுந்தது. தேயிலைத் தோட்டத்து வரலாறு அறிந்தோர்க்கு இவ்வகை மாற்றம் புதிதன்று.

தயாரிப்பாளரும் இப்பூட்டினின்று முற்றாகத் தப்பினரல்லர். டிஜிட்டற் சேவை நிறுவனங்கள் விதித்த கட்டணத்தை எதிர்த்துத் தமிழகத் தயாரிப்பாளர் 2018ஆம் ஆண்டு மார்ச் 1ஆந் திகதி முதல் ஏப்பிரல் நடுப்பகுதிவரை புதிய படங்களை வெளியிடாது நிறுத்தினர். படத்தை ஆக்கியோர்க்கும் அதனைக் காட்டுவோர்க்கும் இடையிலே மூன்றாவதொரு கை புகுந்துள்ளதென்பதை அந்நிகழ்ச்சி வெளிப்படுத்தியது.

அரங்கு தேய்ந்தமைக்குக் காரணம்

மலைநாட்டின் சிறு படமாளிகைகளையும் திறந்தவெளிக் காட்சிகளையும் டிஜிட்டல் முறையே அழித்ததென்று கூறுவார் உளர். கால வரிசை அக்கூற்றுக்கு இடந்தராது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர் இத்திரையின் பார்வையாளர். 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென வகுத்தது. லயன்கள் வெறுமையாகியபோது அரங்கும் வெறுமையாயிற்று. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைந்து, படங்களின் இறக்குமதியும் விநியோகமும் அதன் கைக்கு வந்தன. 1979ஆம் ஆண்டில் தொலைக்காட்சி தொடங்கியது. 1982ஆம் ஆண்டில் ரூபவாஹினி ஒளிபரப்பை ஆரம்பித்தது. 1983ஆம் ஆண்டு ஜூலை வன்செயலில் நுவரெலியா, பதுளை, மாத்தளை ஆகிய நகரங்களில் தமிழரின் கடைகள் எரிந்தன. இரவிற் படம்பார்க்க நகருக்குச் சென்று மலையேறித் திரும்பும் துணிவு அதன்பின் குறைந்ததில் வியப்பில்லை.

இவற்றுக்கிடையே வந்த ‘டெக்’ என்னும் வீடியோப் பொறி ஒரு முரணை நிகழ்த்தியது. வீட்டுக்குள் காண்பதற்கென ஆக்கப்பட்ட அப்பொறியை மக்கள் காசு சேர்த்து வாடகைக்கு எடுத்து, தொலைக்காட்சிப் பெட்டியை வாசலில் வைத்து, ஓர் இரவில் மூன்று படங்களை லயன் முழுவதும் கூடிக் கண்டனர். வாடகைக்கு விட்டவை பெரும்பாலும் சிறு குடும்பத் தொழில்களே. தனிமைக்கென வந்த கருவியையும் பொதுவாக்கிக்கொண்ட சமுதாயம், கருவி மாறியதால் மட்டும் கூட்டத்தைக் கைவிட்டிராது. அதனைத் திரட்டிய மனிதரும் அதற்கான இடமும் படிப்படியாக நீங்கிய பின்னரே டிஜிட்டல் வந்தது. ஏற்கெனவே மெலிந்திருந்த குடும்ப அரங்கின் முன் அது இறுதிச் செலவுச் சிட்டையை நீட்டியது. நோய்க்கு அது காரணமன்று.

இன்று படம் கைப்பேசியில் வருகின்றது. மீண்டும் அது பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்குள் புகுந்துவிட்டது. இதனால் வந்த நன்மையையும் மறைத்தலாகாது. பாதிப் படத்தில் எழுந்த பெண் இன்று தன் ஓய்வுநேரத்தில் முழுப்படத்தையும் காண்கின்றாள். சுருளும் இரசாயனக் கழுவலும் இன்றிப் படமெடுக்க இயலுமாதலால், தோட்டத்து இளைஞர் தம் கதையைத் தாமே குறும்படமாக ஆக்குகின்றனர். சுருளின் காலத்தில் இது கனவிலும் கிட்டாதது. ஆக்கத்திலே டிஜிட்டல் தந்தது பெரிது. கூடுதலிலே இழந்தது பெரிது. இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்து ஒன்றால் மற்றொன்றை ஈடுசெய்தல் பொருந்தாது.

எஞ்சிய சுருள்

இம்மாற்றத்தில் உடனடியாகக் கருதத்தக்க பிறிதொன்றும் உண்டு. 1934ஆம் ஆண்டிற் பசில் ரைட் ஆக்கிய ‘சோங் ஒஃப் சிலோன்’ என்னும் ஆவணப்படம் இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் ஆதரவிற் பிறந்தது. உலக ஆவணப்பட வரலாற்றில் அதற்கு உயர்ந்த இடமுண்டு. அதிற் கேட்பது ரொபட் நொக்ஸின் பதினேழாம் நூற்றாண்டு நூலை வாசிக்கும் லயனல் வென்ற்றின் குரல். மூன்றாம் பகுதியிற் கேட்பன வாணிபத்தின் குரல்கள். கொழுந்து பறிப்போர் தம் வாய்திறந்து தம் வாழ்வைக் கூறவில்லை. அப்படம் காக்கப்பட்டு இன்று எளிதிற் காணக்கிடைக்கின்றது.

அக்குரலை எழுப்ப முனைந்தவை பின்வந்த இலங்கைத் தமிழ்ப்படங்கள். 1960களின் தொடக்கத்திற் ‘சமுதாயம்’ 16 மில்லிமீற்றரிலும், அதனையடுத்துத் தோட்டத்து வாழ்வைப் பொருளாகக் கொண்ட ‘தோட்டக்காரி’ 35 மில்லிமீற்றரிலும் வெளிவந்தன. தொழிற்சங்கவாதியாகிய வி. பி. கணேசன் 1975ஆம் ஆண்டிற் ‘புதிய காற்று’ என்னும் படத்தைத் தயாரித்துத் தாமே நடித்தார். கலைநுட்பத்தில் இவை தென்னிந்தியப் படங்களின் வாய்பாட்டினின்று முற்றாக விலகவில்லை என்பது உண்மையே. ஆயினும், திரையிலே லயனைக் கண்டு, ‘இது நம் இடம்’ என்று மலைநாட்டார் கூறத்தக்க படங்கள் வேறு பல இருந்தனவல்ல. இத்தகைய படங்களுக்கு எடுக்கப்பட்ட பிரதிகள் சிலவே. 1983ஆம் ஆண்டு வன்செயலில் ஹெந்தளை விஜயா படப்பிடிப்பு நிலையம் தீக்கிரையாகி, சிங்களப் படங்கள் உட்பட மூலச்சுருள்கள் பல அழிந்தன. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘நிதானய’ போன்ற புகழ்பெற்ற படத்தின் மூலச்சுருளே இல்லாதொழிந்து, எஞ்சிய பிரதிகளினின்று 2013ஆம் ஆண்டில் அப்படம் டிஜிட்டல் முறையிற் புதுப்பிக்கப்பட்டதெனின், எவரும் தேடாத தமிழ்ப்படச் சுருளின் நிலையை எண்ணிப் பார்த்தல் தகும்.

சுருளை நீக்கிய அதே முறையே சுருளைக் காக்கவும் வல்லது என்பதனை ‘நிதானய’வின் கதை காட்டுகின்றது. பழைய படமாளிகைக் குடும்பங்களின் களஞ்சியங்களிலும், விநியோகத்தரின் அறைகளிலும் துருவேறிய பெட்டிகள் இன்னும் கிடக்குமாயின், அவற்றைத் தேடிப் பதிவுசெய்தல் காலங்கடத்தத் தகாத பணி. மலையின் ஈரக்காற்றிலே சுருள் நெடுநாள் தாங்காது.

முடிபு

அமெரிக்கக் குடும்பத்துக்கு ஊர்தியரங்கு ஒரு பொழுதுபோக்கு. அது மறைந்தாலும் அக்குடும்பத்துக்கு வீடும் வண்டியும் உள. தோட்டத்துக் குடும்பத்துக்குத் திறந்தவெளித் திரை, அறைக்கும் வேலைக்களத்துக்கும் அப்பாற்பட்ட மூன்றாவது இடமாயிருந்தது. அவ்விடத்தின் மதிப்பை ஓடிய படங்களின் தரத்தால் மட்டும் அளத்தல் தவறாகும். அதே நேரத்திற் சுருள் போனமையால் அவ்விடம் போயிற்று என்பதும் தவறாகும். சுருள் ஒரு கருவி. அதனை ஏந்திநின்ற குடும்பமும், அதன் முன் கூடிய மக்களுமே அரங்கு.

பிரட்டுக்களமும், கோவில் முன்றிலும், பாடசாலை மண்டபமும் இன்றும் தோட்டங்களில் உள. வணிக அரங்குக்குரிய பெரும்பொறி வேண்டாத இடங்கள் அவை. சிறியதொரு டிஜிட்டற் பொறியும் வெள்ளைச் சீலையும் போதும். குறும்படம் எடுக்கும் இளைஞர் அதனைத் தம் கைப்பேசியிற் பரப்பி நின்றுவிடாது, தம் லயனின் முன்னே ஒருமுறை திரையிடுவாராயின், ஆக்கத்திற் பெற்றதும் கூடுதலில் இழந்ததும் ஓரிடத்திற் சந்திக்கும். அவ்வேளையில் எப்படம் ஓடவேண்டுமென்பதைத் துரையும் தொலைவிலுள்ள நிறுவனமும் அல்லாது, தரையில் அமர்ந்திருப்போரே முடிவு செய்வர். பழைய திரை அவர்க்கு அளிக்காத உரிமை அது. புதிய முறை அளிக்கக்கூடிய உரிமையும் அதுவே.